சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) என்னதான் நம்புது? திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் பதில்களும்

எங்க சேகரத்துல (ஒரு ஆயர் பாத்துக்குற சபைகள்) திடப்படுத்தல் வகுப்பு, அதாவது குழந்தையில ஞானஸ்நானம் வாங்குனவங்க வளந்து தன் விசுவாசத்த தானே சொல்றதுக்கு தயாராகுற வகுப்பு, எடுக்குறதுல நானும் ஒருத்தன். பாஸ்டர் இல்ல, சாதாரண சபை ஆளு. பிள்ளைங்க வகுப்புல கேக்குறது, அதவிட அதிகமா அவங்க அப்பா அம்மா வாசல்ல நின்னு மெதுவா கேக்குறது, அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல வாட்ஸாப்ல வர்றது, எல்லாம் சுத்தி சுத்தி ஒரே கேள்விங்கதான். அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே போட்டிருக்கேன்.

சி.எஸ்.ஐ-க்குன்னு ஒரு கொள்கை இருக்கா, இல்ல எல்லாத்தையும் கலந்து வெச்சிருக்கீங்களா?

இருக்கு, ஆனா சின்னது. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் சேர்ந்த வேதாகமத்துல இரட்சிப்புக்கு தேவையான எல்லாம் இருக்கு, விசுவாச விஷயத்துல கடைசி தீர்ப்பு அதோடதுதான். அந்த விசுவாசத்துக்கு சாட்சியா அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணம், நிசேயா விசுவாசப்பிரமாணம் ரெண்டையும் ஏத்துக்குறோம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஒரே தேவன். ஞானஸ்நானம், நற்கருணை ரெண்டும் இயேசு தாமே ஏற்படுத்துன சாக்கிரமெந்து (பரிசுத்த சடங்கு). சபையில பேராயர், ஆயர், உதவி ஆயர்னு ஊழியம் இருக்கும். சபை சட்டத்துல விசுவாசம்னு இருக்குறதோட சாரம் இவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு சின்னதுன்னா, சபை பிறந்த விதம் அப்படி. 1919ல தரங்கம்பாடியில பேச்சு ஆரம்பிச்சது, 1947 செப்டம்பர் 27ல சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல முடிஞ்சது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், 1908லயே ஒண்ணா சேர்ந்திருந்த பிரஸ்பிடேரியன் காங்கிரிகேஷனல் சபைகள், இவங்க எல்லாம் ஒரே சபை ஆனாங்க. (பேச்சு ஆரம்பிச்சது லுத்தரன் ஊருல, ஆனா லுத்தரன்காரங்க கடைசி வரைக்கும் சேரல.) 28 வருஷம் பேசி இதுக்கு மேல விட்டுக்குடுக்க முடியாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டது எதுவோ அதை எழுதி வெச்சாங்க, மத்ததுல அவங்கவங்க மனசாட்சிப்படி இருக்கலாம்னு விட்டாங்க. கீழ நிறைய இடத்துல "அதை சபை முடிவு பண்ணல"ன்னு வரும், சோம்பேறித்தனத்துல விட்டது இல்ல, தெரிஞ்சே விட்டது.

அப்ப நாம கத்தோலிக்கமா புராட்டஸ்டண்டா? விசுவாசப்பிரமாணத்துல "பரிசுத்த பொதுவான சபை"ன்னு சொல்றோமே?

புராட்டஸ்டண்ட். "பொதுவான"ங்கறது இங்கிலீஷ்ல கத்தோலிக்னு வரும், ஆனா அந்த வரி ரோம சபையை சொல்லல, எல்லா காலத்துலயும் எல்லா தேசத்துலயும் கிறிஸ்துவை சேர்ந்தவங்க மொத்த பேரையும் சொல்லுது. பெந்தெகொஸ்தே சபைக்கு போன உங்க சித்தியும் அதுல உண்டு.

திரித்துவம்னு பைபிள்ல எங்கயுமே இல்லையே? வீட்டுக்கு வந்த யெகோவா சாட்சிக்காரங்க கேட்டாங்க, பதில் சொல்ல தெரியல.

அந்த வார்த்தை இல்ல, சரிதான். ஆனா மத்தேயு 28:19ல பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல ஞானஸ்நானம் குடுக்க சொல்லியிருக்கு, யோவான் முதல் அதிகாரம் வார்த்தையானவர் ஆதியில தேவனோட இருந்தார், தேவனாவே இருந்தார்னு சொல்லுது, தோமா உயிர்த்தெழுந்த இயேசுவை பாத்து என் தேவனேன்னு கூப்பிடுறார், அவரும் தடுக்கல. அதே பைபிள்தான் தேவன் ஒருவரேன்னும் அடிச்சு சொல்லுது. இது எல்லாத்தையும் விடாம சேத்துப் புடிச்சா வர்றது பேருதான் திரித்துவம்.

வீட்டுக்கு வர்றவங்க சொல்றதும் புதுசு இல்ல. குமாரன் உசந்த படைப்பு, ஆனா படைப்புதான்னு அரியுஸ்னு அலெக்சாந்திரியா பக்கம் ஒரு குரு சொன்னார், அதுக்குத்தான் 325ல நிசேயாவுல கூடினாங்க. "படைக்கப்படாமல் பிறந்தவர், பிதாவோடு ஒரே தன்மையுடையவர்"னு நாம சொல்ற வரியெல்லாம் அந்த சண்டையில வந்தது. ஆவியானவரைப் பத்தின பகுதி 381ல கான்ஸ்டான்டினோபிள்ல விரிஞ்சது.

ஓய்வுநாள் பள்ளியில தண்ணி, ஐஸ், ஆவி மூணும் ஒண்ணுதான்னு சொல்லிக்குடுப்பாங்க இல்லையா, தயவுசெஞ்சு அதை சொல்லாதீங்க. ஒரே ஆளு மூணு வேஷம் போடுறார்னு ஆயிடும், அதையும் ஆதி சபை தப்புன்னு தள்ளிருச்சு. அப்படி வேஷம்னா கெத்செமனேயில இயேசு யார்கிட்ட ஜெபம் பண்ணார்?

"பாதாளத்தில் இறங்கினார்"னா இயேசு நரகத்துக்கு போனாரா?

நரக தண்டனை அனுபவிச்சார்னு அர்த்தம் எடுக்கணும்னு இல்ல. செத்தவங்க இருக்குற இடத்துக்கே போனார், நிஜமாவே செத்தார்னு எடுக்கலாம். 1 பேதுரு 3:19ல காவல்ல இருந்த ஆவிகளுக்கு பிரசங்கிச்சார்னு இருக்குறத சேத்து வெச்சு, சாவோட கோட்டைக்குள்ளயே போய் ஜெயிச்சார்னு பழைய சபை புரிஞ்சிக்கிச்சு. சிலுவையில பட்ட வேதனையே நரக வேதனைதான்னு சீர்திருத்தக்காரர் கால்வின் சொன்னார். மூணுல எதை எடுத்தாலும் சி.எஸ்.ஐ உங்கள ஒண்ணும் கேக்காது.

"நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா, எந்த தேதி"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். எனக்கு தேதி தெரியாது. நான் இரட்சிக்கப்படலையா?

இந்த கேள்வி எத்தனை பேர தூங்கவிடாம பண்ணிருக்குன்னு எனக்குத் தெரியும். இரட்சிப்பு கிருபையினால, விசுவாசத்தைக் கொண்டு, அது நாம சம்பாதிச்சது இல்லன்னு எபேசியர் 2:8,9 சொல்லுது. சபை நம்புறதும் அதுதான். அந்த வசனத்துல தேதி கேக்கல.

தேதி உள்ளவங்க நம்ம வம்சத்துலயே உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24, லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துல, ராத்திரி ஏறக்குறைய எட்டே முக்காலுக்கு இருதயம் அனலான மாதிரி ஆச்சுன்னு அவரே நாட்குறிப்புல எழுதியிருக்கார். அதுக்கு முன்னாடியே அவர் ஞானஸ்நானம் வாங்கி, குருப்பட்டம் வாங்கி, அமெரிக்காவுக்கு மிஷனரியா போய்ட்டு வந்தவர். அப்படி ஒரு நாள் சிலருக்கு கிடைக்குது, நல்லது. பிறந்ததுல இருந்து ஜெபிக்கிற வீட்ல வளந்து, எப்ப நம்ப ஆரம்பிச்சோம்னே சொல்லத் தெரியாதவங்களும் இருக்காங்க. இன்னைக்கு கிறிஸ்துவை நம்புறீங்களா, அதான் கேள்வி. ஆபீஸ்காரருக்கு அந்த பதிலையே சொல்லுங்க.

அப்ப நல்ல காரியம் பண்ணாலும் பண்ணாட்டியும் ஒண்ணுதானா?

இல்ல. யாக்கோபு 2 படிங்க, கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும். தர்மம் பண்ணி இரட்சிப்ப வாங்க முடியாது, ஆனா இரட்சிப்பு வாங்குனவன்கிட்ட தர்மம் இல்லன்னா எங்கயோ இடிக்குது.

ஒருதரம் இரட்சிக்கப்பட்டா எப்பவும் இரட்சிப்புதானா? இழந்து போகுமா?

மேல சொன்னேனே, தெரிஞ்சே விட்டதுன்னு, அதுக்கு இதவிட நல்ல உதாரணம் கிடையாது. தேவன் தெரிஞ்சுக்கிட்டவங்க கடைசி வரை நிலைப்பாங்கன்னு பிரஸ்பிடேரியன் பக்கம் சொல்லும், நெதர்லாந்துல டார்ட்டுங்கற ஊர்ல 1618, 1619ல கூடின மாநாடு அப்படித்தான் முடிவு பண்ணுச்சு. விசுவாசத்தை விட்டு விழவும் முடியும், ஜாக்கிரதைன்னு வெஸ்லி பக்கம் சொல்லும். இந்த ரெண்டு பக்கமும் 1947ல ஒரே சபைக்குள்ள வந்தாச்சு, யாரும் யாரையும் ஜெயிக்கல. உங்க பழைய ஆயர் ஒண்ணு சொல்லி புது ஆயர் இன்னொண்ணு சொன்னா ரெண்டு பேருமே சி.எஸ்.ஐ ஆயர்தான், குழம்பாதீங்க.

பச்சக் கொழந்தைக்கு எதுக்கு ஞானஸ்நானம்? அதுக்கு என்ன தெரியும்? பைபிள்ல இருக்கா?

இன்ன குழந்தைக்கு குடுத்தாங்கன்னு நேரடி வசனம் இல்ல, இருக்குன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. அப்போஸ்தலர் 16ல லீதியாளும் அவ வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டார் எல்லாரும்னு இருக்கு, அந்த வீட்ல குழந்தை இருந்துச்சா இல்லையான்னு எழுதல. கொலோசெயர் 2ல பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேசுறார், எட்டாம் நாள் பிள்ளை என்ன தெரிஞ்சா உடன்படிக்கைக்குள்ள வந்துச்சுங்கறதுதான் நம்ம வாதம்.

இன்னொண்ணு, கிருபைதான் முதல்ல வருது, நம்ம பதில் பின்னாடி. குழந்தை ஞானஸ்நானம் அந்த வரிசைய கண்ணுக்கு முன்னால காட்டுது. பதில் இல்லாம விட்டுர்றதில்ல, பெத்தவங்களும் ஞானப் பெற்றோரும் வாக்குக் குடுக்குறாங்க, பிள்ளை வளந்து திடப்படுத்தல்ல தன் வாயாலயே சொல்லணும். பெத்தவங்க போட்டோவுக்கு மட்டும் வந்துட்டு அப்புறம் சர்ச் பக்கமே தலைகாட்டலன்னா, குழந்தைக்கு எதுக்கு ஞானஸ்நானம்னு கேக்குறவங்க பக்கம் நியாயம் இருக்குன்னுதான் நானும் சொல்லுவேன்.

சி.எஸ்.ஐ பெரியவங்களுக்கும் ஞானஸ்நானம் குடுக்குது. புதுசா வர்றவங்க அப்படித்தான் வர்றாங்க. தண்ணி ஊத்தலாம், முழுக்கலாம், ரெண்டும் செல்லும். தெளிக்கிறதுக்கும் முழுக்குறதுக்கும் இவ்வளவு சண்டை போடுறவங்க அந்த மூணு நாமத்தை பத்தி பேசுறதே இல்ல, அது எனக்கு ஆச்சரியமா இருக்கும்.

பெந்தெகொஸ்தே சபையில போயி மறுபடியும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கலாமா? இதையும் வெச்சுக்கிட்டு அதையும்?

சி.எஸ்.ஐ-ல இருந்துக்கிட்டு எடுக்க முடியாது. நிசேயா பிரமாணத்துல ஒரே ஞானஸ்நானம்னு வாரா வாரம் சொல்லிட்டு ரெண்டாவது எடுத்தா முதல்ல தேவன் பண்ணது செல்லலன்னு ஆகுது. சேகரத்துக்கு சேகரம் நடவடிக்கை வேற வேற மாதிரி இருக்கும், நற்கருணையில சேர்க்காம நிறுத்தி வெப்பாங்க, கமிட்டி பொறுப்பு போகும், அதெல்லாம் உங்க ஆயர்கிட்ட நேர்ல கேளுங்க. திரியேக நாமத்துல தண்ணியால வேற சபையில வாங்கிட்டு வர்றவங்களுக்கு நாமளும் திருப்பிக் குடுக்க மாட்டோம், கத்தோலிக்க சபையில இருந்து கல்யாணம் ஆகி வர்ற மருமகளுக்கும் அதே கதைதான்.

எனக்கு ஞானஸ்நானம் குடுத்த பாஸ்டர் பின்னாடி பெரிய கேஸ்ல மாட்டிக்கிட்டார். எனக்கு குடுத்தது செல்லுமா?

செல்லும். 1600 வருஷத்துக்கு முன்னாடி வட ஆப்பிரிக்காவுல இதே சண்டை. ரோம அரசு துன்புறுத்துனப்ப வேதபுத்தகத்த ஒப்படைச்ச ஆயர்கள் பண்ண சடங்கு செல்லாதுன்னு தொனாத்துக்காரங்க பிரிஞ்சாங்க. குடுக்குறவன் கிறிஸ்து, ஊழியக்காரன் கை மட்டும்தான்னு அங்க பேராயரா இருந்த அகஸ்டின் பதில் சொன்னார், சபை அதைத்தான் எடுத்துக்கிச்சு. அந்த பாஸ்டர் மேல சபை நடவடிக்கை எடுக்கணும்ங்கறது வேற விஷயம், அதை இந்த பதிலை காட்டி யாரும் மூடி மறைக்க வேண்டாம்.

திடப்படுத்தல் எதுக்கு? அதுதான் ஞானஸ்நானம் வாங்கியாச்சே?

மேல சொன்ன அந்த சொந்த வாய் பதில்தான் இது. பேராயர் தலையில கை வெச்சு ஆவியானவர் பெலப்படுத்தணும்னு ஜெபிப்பார், அப்போஸ்தலர் 8ல பேதுருவும் யோவானும் சமாரியாவுல பண்ண மாதிரி. இதை நாம தனி சாக்கிரமெந்துன்னு எண்ணுறதில்ல. வெள்ளச் சட்டை, பிரியாணி எல்லாம் அதுக்கப்புறம்.

நற்கருணையில அப்பம் நிஜமாவே இயேசுவோட சரீரமா மாறுதா, இல்ல சும்மா ஞாபகார்த்தமா?

பொருளே மாறிடுதுங்கறது ரோம சபை போதனை, அது நம்மது இல்ல. வெறும் ஞாபகம்தான்னும் நம்ம ஆராதனை முறை சொல்லல, அந்த ஜெபங்கள கவனிச்சு கேட்டா தெரியும், கிறிஸ்து அங்க இருக்கார், நமக்கு தம்மையே தர்றார்னுதான் பேசுது. எப்படி இருக்கார்ங்கறதுலதான் 1529ல ஜெர்மனியில மார்பர்க்ல சீர்திருத்தக்காரங்க லூத்தரும் ஸ்விங்லியும் உக்காந்து பேசி, மத்த எல்லாத்துலயும் ஒத்துப்போயி, இந்த ஒண்ணுல மட்டும் பிரிஞ்சாங்க. சி.எஸ்.ஐ அந்த "எப்படி"க்கு சட்டம் போடல. 1950ல முதல்முதலா பயன்படுத்துன நம்ம நற்கருணை முறைய வெளிநாட்டு சபைகளே பாத்து படிச்சாங்க, சமாதானத்தை கைக்கு கை குடுக்குறத அவங்க மறுபடி ஆரம்பிச்சதுல நம்ம முறைக்கும் பங்கு உண்டு. நம்ம ஆளுங்க அந்த நேரத்துல பக்கத்துல யாரு உக்காந்திருக்கான்னு பாத்து கை குடுக்குறாங்க, அதுக்கு கீழ வர்றேன்.

ஒயின்தான் ஊத்தணுமா? எங்க சர்ச்ல காஞ்ச திராட்சை போட்டு காய்ச்சுன ரசம்தான். அது செல்லுமா?

திராட்சையோட கனியா இருக்கணும், அவ்வளவுதான். புளிக்காத ரசம் மெதடிஸ்ட் பழக்கத்தோட வந்தது, 1869ல தாமஸ் வெல்ச்னு அமெரிக்காவுல ஒரு மெதடிஸ்ட் பல் டாக்டர் இதுக்காகவே ரசத்தை புளிக்காம வெக்குறதுக்கு வழி கண்டுபிடிச்சார். ஒரே பாத்திரமா சின்ன கப்பாங்கறதும் இதே மாதிரிதான், விசுவாசத்துல சேராது.

சபையில ஜாதி பாக்குறாங்களே, அதுவும் கொள்கையா?

கொள்கைக்கு நேர் எதிர். கலாத்தியர் 3:28 ஞானஸ்நானம் பத்தின வசனம், அதை நிறைய பேர் மறந்துடுறாங்க, கிறிஸ்துவுக்குள்ள ஞானஸ்நானம் வாங்குனவங்ககிட்ட யூதன் கிரேக்கன்னு இல்ல, அடிமை சுயாதீனன்னு இல்லன்னு அங்கதான் வருது. அப்ப ஜாதி பாக்குறது ஒழுக்கக் கேடு மட்டும் இல்ல, ஞானஸ்நானத்தையே மறுக்குறது, மேல சொன்ன மறுஞானஸ்நானத்துக்கு நடவடிக்கை எடுக்குற சபை இதுக்கு எத்தனை பேர நிறுத்தி வெச்சிருக்குன்னு கேட்டா பதில் வராது.

இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. தஞ்சாவூர் பக்கம் பழைய சபைகள்ல தனித்தனியா உக்காந்து, நற்கருணைக்கும் வரிசை பாத்து வந்த காலம் உண்டு. 1833ல கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஜாதிய உடனே, முழுசா, ஒரேடியா விடணும்னு கடிதம் அனுப்புனார், அதை வாசிச்சதும் நிறைய பேர் சபைய விட்டே வெளிய போனாங்க, சபைய விட மனசு வந்துச்சு ஜாதிய விட வரல. இன்னைக்கு யாரும் வெளிய போறதில்ல. உள்ளயே இருந்து டயோசிசன் (திருமண்டல) எலெக்‌ஷன்லயும் வரன் பாக்குறதுலயும் காட்டுறாங்க. விசுவாசப்பிரமாணத்துல திருத்தம் எதுவும் வேண்டாம், சொல்றத நம்புனா போதும்.

பேராயர் எதுக்கு? புதிய ஏற்பாட்டுல அப்படி இருக்கா, இல்ல வெள்ளைக்காரன் பழக்கமா?

கண்காணிங்கற ஊழியம், பேராயருக்கு மூலமான வார்த்தை அதுதான், புதிய ஏற்பாட்டுல இருக்கு, இப்ப உள்ள மாதிரி அங்கியும் காரும் இல்ல. அப்போஸ்தலர் காலத்துல இருந்து தொடர்ச்சியா வர்ற பேராயர் ஊழியத்தை சி.எஸ்.ஐ ஏத்துக்குது, ஆனா அதுக்கு இன்ன விளக்கத்தைத்தான் நம்பணும்னு கட்டாயம் இல்ல. பேராயர் இல்லாத சபை சபையே இல்லன்னும் நாம சொல்றதில்ல.

இந்த விஷயத்துல திருநெல்வேலிக்கு பழைய காயம் உண்டு. அங்க மிஷனரியா இருந்த ரேனியஸ் ஐயர் தன் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் முறையிலதான் பட்டம் கொடுக்கணும்ங்கறத ஒத்துக்கல, 1835ல மிஷன் சங்கம் அவர விலக்கி, ஊர் ஊரா சபை ரெண்டா நின்னுச்சு. நூறு வருஷம் கழிச்சு 1947ல என்ன பண்ணாங்கன்னா, பேராயர் கை வெக்காம பட்டம் வாங்கியிருந்த மத்த சபை ஆயர்கள அப்படியே ஏத்துக்கிட்டாங்க, திருப்பி பட்டம் குடுக்கல. இங்கிலாந்துல சிலர் கொதிச்சாங்க. இங்கயும் ஆந்திராவுல நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் சேர மாட்டோம்னு வெளிய நின்னு, பல வருஷம் கழிச்சுத்தான் வந்தாங்க.

பொம்பளைங்க ஆயராகலாமா? பவுல் வேண்டாம்னு சொல்லியிருக்காரே?

சி.எஸ்.ஐ-ல ஆகலாம், 1976லயே ஆரம்பிச்சாச்சு. 2013ல புஷ்பலலிதா பேராயராவே ஆனாங்க, எந்த திருமண்டலத்துக்குன்னா (ஒரு பேராயருக்கு கீழ உள்ள பகுதி), மேல சொன்ன அதே நந்தியாலுக்கு. பவுல் 1 தீமோத்தேயுல சொன்னத அந்த ஊர் சூழ்நிலைக்கு சொன்னதா சபை எடுத்துக்குது, ஏன்னா அதே பவுல் ரோமர் 16ல பெபேயாளை சபை ஊழியக்காரின்னு சொல்றார், பிரிஸ்கில்லாளை உடன் வேலையாள்ங்கறார். ஒத்துக்காத ஆளுங்க நம்ம சபையில இன்னும் இருக்காங்க, அவங்க மனைவி குடுக்குற காணிக்கைய மட்டும் வேண்டாம்னு சொல்றதில்ல.

அந்நிய பாஷை பேசலன்னா பரிசுத்த ஆவி இல்லைங்கறாங்களே?

வரம் உண்டு, எல்லாருக்கும் அதே வரம் இல்ல, 1 கொரிந்தியர் 12:30ல பவுல் எல்லாரும் பாஷை பேசுறாங்களான்னு கேட்டு முடிச்சிட்டார். அதையே அடையாளமா கேக்குறது பெந்தெகொஸ்தே போதனை. நம்ம சபைக்கு இது அந்நியம்னும் சொல்ல முடியாது, பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான 1906 லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதலுக்கு முன்னாடியே 1860ல அருளப்பன்ங்கற தமிழ் ஊழியக்காரரோட எழுப்புதல்ல திருநெல்வேலி கிராமங்கள்ல பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் நடந்திருக்கு. பேசுறவங்கள தடுக்காதீங்க, பேசாதவங்கள தாழ்த்தாதீங்க.

மரியாள், பரிசுத்தவான்கள்கிட்ட ஜெபிக்கலாமா? கல்லறைத் திருநாளுக்கு நாமளும் மெழுகுவர்த்தி வெக்குறோமே?

மரியாளுக்கு மரியாதை, ஜெபம் தேவனுக்கு. மத்தியஸ்தர் ஒருவர்தான். கல்லறையில மெழுகுவர்த்தி வெக்குறது, பூ வெக்குறது நினைவும் நன்றியும், செத்தவங்கள உத்தரிக்கிற ஸ்தலத்துல (பரலோகத்துக்கு முன்னாடி சுத்தமாகுற இடம்) இருந்து மீட்குறதுக்கு இல்ல, அப்படி ஒரு ஸ்தலத்தை நாம நம்புறதில்ல.

இயேசு விசுவாசிகள மட்டும் ரகசியமா வந்து எடுத்துட்டுப் போவார்ங்கற ரகசிய வருகை எப்ப?

விசுவாசப்பிரமாணம் சொல்றது: உயிரோடிருக்கிறவங்களையும் மரித்தவங்களையும் நியாயந்தீர்க்க வருவார். ரகசியமா ஒரு தரம், வெளிப்படையா ஒரு தரம்னு அட்டவணை போட்டு பரப்புனது 19ஆம் நூற்றாண்டுல பிரதரன் சபையைச் சேர்ந்த டார்பிங்கறவர். நம்ம பிரசங்க பீடத்துலயே நிறைய பேர் அதை பேசுறாங்க, சபை கொள்கை இல்ல.

எங்க தாத்தா இந்துவாவே செத்தார், ரொம்ப நல்லவர். அவர் நரகத்துலயா இருப்பார்?

வகுப்புல இதைக் கேக்குற பிள்ளை அநேகமா அழுதுடும், அதனால அவசரமா பதில் சொல்லாதீங்க. கிறிஸ்துவைத் தவிர வேற நாமத்துல இரட்சிப்பு இல்லன்னு அப்போஸ்தலர் 4:12 சொல்லுது, சபை அதை விடாது. ஆனா இன்னார் நரகத்துல இருக்கார்னு எந்த பிரமாணமும் பட்டியல் போடல, தீர்ப்பு குடுக்குறவர் கிறிஸ்துதான், நாம இல்ல.

1947ல மதுரைக்கு பேராயரான லெஸ்லி நியூபிகின் கிறிஸ்து ஒருவரே வழிங்கறதுல அசையாதவர், ஆனா கிறிஸ்தவர் அல்லாதவங்க யாரும் இரட்சிக்கப்பட முடியாதுன்னு சொல்ற உரிமை நமக்கு இல்லன்னும் உறுதியா சொன்னவர். இதவிட கறாரா நினைக்கிற ஆயர்களும் உண்டு, தளர்வா நினைக்கிறவங்களும் உண்டு. தாத்தாவைப் பத்தி நீங்க நிம்மதியா தேவன்கிட்ட பேசலாம், அதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டாம்.

இதுல ஏதோ ஒண்ண என்னால நம்ப முடியல. என்னை சபைய விட்டு எடுத்துருவாங்களா?

சாதாரண விசுவாசிக்கு சந்தேகம் வந்ததுக்காக யாரும் பேர வெட்ட மாட்டாங்க. குருப்பட்டம் வாங்குறவங்கதான் இந்த விசுவாசத்துக்கு வாக்குக் குடுத்து கட்டுப்படணும், அவங்க பிரசங்க பீடத்துல நின்னு உயிர்த்தெழுதல் நடக்கலன்னு சொன்னா அது பிரச்சனை. உங்களுக்கு வரி இடிச்சா ஆயர்கிட்ட உக்காந்து பேசுங்க, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கூட்டத்துல வேண்டாம், வார நாள்ல சாயங்காலம் போங்க, அப்பதான் நிதானமா பேசுவார்.